பிடியரிசியும் எழுத்துப் பயிற்சியும்

(விருதுநகரில் நம்மவர் கூடிய இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நல்ல எழுத்தாளராவதற்கு வேண்டிய ஆரம்பப் பயிற்சிகள் யாவை என்பதுபற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். நம்மவர் வியாபாரத்தில் பெயர் பெற்றவர்கள். ஆகலின், எழுத்து நமக்கெதற்கு என்று கேட்பாரும் இச்சபையில் இருத்தல் கூடும். அவர்கட்கே யாம் முதற்கண் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகளும் நாட்குறிப்பேடுகளும் நோட்டுப் புஸ்தகங்களும் தேசமெங்கும் செல்கின்றன. பிறர் எழுதுவதற்கு வெற்றுத்தாளைக் கட்டியனுப்பும் நாம், அத்தாளில் நம் வாழ்வை எவ்வளவு எழுதியிருக்கின்றோம்? வரவுசெலவு எழுதுகின்றோம், பேரேட்டைப் பிசகின்றி வைக்கின்றோம். ஆயின், நாள் முழுதும் தீப்பெட்டிக் கட்டை அடுக்கிய ஒரு பாட்டியின் இளமை எங்ஙனம் கழிந்ததென்பதை எந்தப் பேரேட்டில் காண்பது? நாம் எழுதாது விட்டதை நம் பேரப்பிள்ளைகள் அறியார்.

எழுத்துத் திறம் பிறவியிலேயே வரவேண்டும் என்பர் சிலர். அவர்கட்கு நம் சிவகாசியே சான்று பகரும். 1922ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கண்ணாற் கண்டும் கையாற் செய்தும் கற்றுத் திரும்பினர். மறு ஆண்டே இங்குத் தொழில் தோன்றிற்று. அவர்கள் தீக்குச்சி செய்யும் வித்தையோடு பிறந்தவர்கள் அல்லரே! எழுத்தும் அத்தகைய கைத்தொழிலே.

இனி எமது அநுபவம் ஒன்றைக் கூறுவோம். பல்லாண்டுகட்குமுன் பட்டாசுச் சாலையொன்றில் நேர்ந்த வெடி விபத்தில் கணவனை இழந்த ஒரு தாயார், சர்க்காருக்கு விண்ணப்பம் எழுதித்தருமாறு எம்மிடம் வந்தார். யாம் அக்காலத்தில் அலங்கார நடையில் மோகங்கொண்டவர். ‘துயரக்கடல்’, ‘விதியின் கொடுமை’ என்று இரண்டு பக்கம் நிரப்பினோம். விண்ணப்பம் திரும்பி வந்தது. விபத்து எந்நாள், எத்தனை மணிக்கு, எந்த அறையில் நேர்ந்தது, இறந்தவர் அங்கே என்ன வேலை செய்தார், வாரக்கூலி யாது என்று கேட்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்றையேனும் யாம் எழுதவில்லை. அத்தாயார் அவ்வளவையும் எம்மிடம் வாய்மொழியாகக் கூறியே இருந்தார்! எமது ஆடம்பரத்தால் அவர்க்கு மூன்று மாதம் வீணாயிற்று. அன்று கற்ற பாடத்தையே இன்று உங்கட்குக் கூறுகின்றோம்.

முதலாவது, உற்றுக் கேட்டலும் உற்று நோக்கலும். எதிரில் நிற்பவர் சொன்னதை அவர் சொன்னவாறே மனத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, பொருளுக்கு உரிய பெயர். மேல்பெட்டி வேறு, அடிப்பெட்டி வேறு. திரி வேறு, மருந்து வேறு. தொழில் செய்வோர் வழங்கும் சொல்லே சரியான சொல். கரிசல் நாட்டுச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதியே வெளியிட்டார் கி. ராஜநாராயணன். பேச்சு வழக்கென்று நாம் தள்ளும் சொற்களே நமது முதற்பொருள்.

மூன்றாவது, வாக்கியம். யார், எதை, எங்கே செய்தார் என்பது விளங்கும்படி சிறிதாக எழுதுங்கள். எழுவாய் ஒன்றும் பயனிலை ஒன்றுமாக நேராய் எழுதக் கற்றபின் நீண்ட வாக்கியத்தில் இறங்கலாம்.

நான்காவது, உரக்கப் படித்துத் திருத்துதல். நாக்கு இடறும் இடத்தில் கருத்தும் இடறியிருக்கும். படிப்பறியாத பெரியவர் ஒருவர்க்குப் படித்துக் காட்டுங்கள், அவர் ‘என்ன?’ என்று கேட்கும் இடமே திருத்தவேண்டிய இடம்.

ஐந்தாவது, இடையறாத வாசிப்பு. இதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. நம் ஜில்லாவின் மேலாண்மறைநாட்டில் 1951இல் பிறந்த பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; ஊரிலே சிறு கடை நடத்தியவர். படித்துப் படித்தே எழுதக் கற்று, தம்மூர் மாந்தரையே கதைகளாக எழுதினார். ‘மின்சாரப்பூ’ என்னும் அவரது சிறுகதைத் தொகுதி 2007இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அவர் 2017இல் மறைந்தார். அவர் எழுதிய மாந்தர் மறையவில்லை. கடை நடத்துவோர்க்கு எழுத நேரமில்லை என்னும் வாதம் இவரெதிரில் நில்லாது.

நிற்க. இவற்றையெல்லாம் எவ்வாறு கைக்கொள்வது? இவ்வூர் க்ஷத்திரிய வித்தியாசாலை 1885இல் தோன்றியது. பெருந்தலைவர் காமராஜர் பயின்றதும் அங்கேயே. உலையில் இடுமுன் வீடுதோறும் நம் தாய்மார் எடுத்து வைத்த பிடியரிசியால் வளர்ந்த பள்ளி அது. ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் சோறு குறையவில்லை. பள்ளியோ நிமிர்ந்து நின்றது. அவ்வண்ணமே நாடோறும் ஒரு பத்தி எழுதி வையுங்கள். அன்று கண்டது ஒன்று, கேட்டது ஒன்று போதும். ஓராண்டில் முந்நூறு பத்திகட்குமேல் சேரும்.

இளைஞர்களே, இன்றிரவே தொடங்குங்கள். வீட்டிலுள்ள மூத்தவரின் அருகில் அமர்ந்து, அவர் முதன்முதல் வேலைக்குச் சென்ற நாளைக் கேட்டு எழுதுங்கள். பெற்றோர்களே, கணக்குப் புஸ்தகத்தின் அருகில் இன்னொரு நோட்டுப் புஸ்தகத்தையும் வையுங்கள். பெண்மக்கட்கும் ஒன்று தனியே கொடுங்கள். அடுத்த முறை ஒரு தாயார் விண்ணப்பத்துடன் நம் வாசலுக்கு வரும்போது, அவர் சொன்னதைச் சொன்னவாறே எழுதித்தரத் தெரு ஒன்றுக்கு ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.