கூடத்துச் சாவியை என்னிடம் தாருங்கள்

காலையில் நடனப் பயிற்சிக்கு நம் பொதுக்கூடத்தைக் கேட்கும் பிள்ளைகளுக்காகப் பேசுகிறேன். "நிகழ்ச்சிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே, இப்போதே எதற்கு?" என்று போன கூட்டத்தில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

சென்னை பெசன்ட் நகரில் நவீன நடனக் குழு நடத்தியவர் சந்திரலேகா. 1985-இல் வந்த அவருடைய 'அங்கிகா'வில் பரதத்தோடு களரியும் யோகாவும் சேர்ந்தன. 2001-இல் 'சரீர'. அதில் ஆடிய திஷானி தோஷி ஒரு கவிஞர். நடனம் பயின்று வந்தவர் அல்ல. அந்த ஆட்டத்தில் கால் மேலே போவதே அத்தனை மெதுவாக இருக்கும். வேகமாக வீசினால் கால் தானே எழும்பிவிடும். மெல்லத் தூக்கும்போது முழுப் பாரத்தையும் தசைதான் தாங்க வேண்டும். அந்தப் பலம் ஒரு வாரத்தில் வருமா?

நம் அட்டுவம்பட்டிக் குளிரில் உடம்பு சூடேறவே அரை மணி நேரம் ஆகும். சூடேறாமல் ஆடினால் தசை பிடித்துக்கொள்ளும். டைல்ஸ் தரையில் குதித்தால் முழங்கால் போய்விடும். அதனால் பாய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

சத்தம் வரும் என்று பயப்பட வேண்டாம். பாதி நேரம் தரையில் படுத்துப் புரளுவதுதான் பயிற்சி. எங்கள் வீட்டு மிக்ஸி அதைவிட அதிகம் அலறும்!

வாரம் மூன்று நாள், காலை ஆறரை முதல் எட்டு வரை போதும். நாற்காலிகளை ஓரம் கட்டுவதும் திரும்பப் போடுவதும் பிள்ளைகள் வேலை. திறப்பதும் பூட்டுவதும் என் பொறுப்பு.