குமிழியை நம்பாதீங்க!



நான் வேலை பார்க்கும் அமெரிக்காவில், 1979 முதல் மத்திய சட்டப்படி வீட்டில் பீர் தயாரிக்கலாம், விற்கத்தான் கூடாது. கடைசி மாநிலம் வழிவிட்டது 2013-ல். நம்மூரில் முயற்சிக்க வேண்டாம், போலீஸ் வரும்!

இதில் இன்ஜினீயருக்கு வேலை கொடுப்பது ஈஸ்ட்தான். 19 லிட்டர் மால்ட் சாற்றுக்கு ஒரு பாக்கெட் திரவ ஈஸ்ட் பெரும்பாலும் போதாது. உறைமோரையே முதலில் பெருக்கிக்கொள்வது மாதிரி, ‘ஸ்டார்ட்டர்’ தயாரிக்கணும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் பவுடரைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் ஈஸ்ட்டைப் போட்டு, ஒரு நாள் அடிக்கடி ஆட்டிவிட்டால் பெருகிவிடும்.

அப்படியும் சில சமயம் மந்தமாகும். முதல் நாள் குமிழி வராவிட்டால் பதறாதீங்க. மூடி இறுகாவிட்டால் வாயு அந்தப் பக்கமே போயிடும். ஹைட்ரோமீட்டர்தான் சாட்சி. 1.050-ல் தொடங்கியது 1.012 பக்கம் இறங்கணும். 1.025-லேயே நின்னுட்டா? ஏல் வகையென்றால் 20, 21 டிகிரிக்குக் கொண்டுவந்து, பாத்திரத்தை மெல்லச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கிளப்பணும். காற்று புகக்கூடாது. அதற்கும் மசியலையா, நுரை பொங்கும் புது ஸ்டார்ட்டரை ஊற்றணும்.

எதிர்பார்த்த அளவுக்கு இறங்கி மூணு நாள் அங்கேயே நின்றால்தான் பாட்டிலில் அடைக்கணும். மிச்சச் சர்க்கரை உள்ளே புளிச்சா கண்ணாடி வெடிக்கும்; கண்ணுக்கே ஆபத்து.

மற்ற கேள்விகளை டீ இடைவேளையில் கேளுங்க, சொல்றேன்.