பஞ்சத்தில் பிறந்த வானாய்வு நிலையம்



புறநானூற்றிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாட்டொன்று உண்டு. ஞாயிறு செல்லும் வழியை நேரே போய் அளந்து வந்தவர்போலச் சொல்லும் அறிஞர் உளர் என்கிறார் புலவர். அரசனைப் புகழும் இடத்தில் வானியலுக்கு என்ன வேலை என்று மாணவர் கேட்பதுண்டு. ஞாயிற்றைக்கூட அளந்துவிடலாம், உன் ஆற்றலை அளக்கமுடியாது என்பதற்காகத்தான்.

ஞாயிற்றை அளக்கும் அந்த வேலை 1899ஆம் ஆண்டு முதல் கொடைக்கானல் மலையுச்சியில் நடந்து வருகிறது. உயரம் 2343 மீற்றர். நம் நுவரெலியா நகரைவிட மேலே. 1909இல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர், சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று கண்டது இங்கேதான். நூறு ஆண்டுகளுக்கு மேலாக, முகில் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இது ஏன் எழுந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை ஒரு கொடும் பஞ்சம் வாட்டியது. பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய அரசு விரும்பியது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் ஆய்வு நிலையம் வேண்டும் என்ற யோசனை அந்தப் பஞ்சத்தின் பிள்ளை.

அதே பஞ்சத்துக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து கடல் தாண்டி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஏறிவந்த கூட்டம். நம்மிற் பலருடைய பாட்டன் பூட்டன்மார். ஒரே பசி ஒரு மலைக்குத் தொலைநோக்கியை ஏற்றியது. மற்ற மலைக்குக் கொழுந்துக் கூடையை.

சூரியனுக்கு நாட்குறிப்பு இருக்கிறது. நம்மவருக்கோ செக்றோல் மட்டுமே. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று அதில் அன்றாடம் எழுதினார்கள், சம்பளம் வெட்டுவதற்காக. வழியில் மாண்டவர் பெயரை எவரும் எழுதவில்லை. பாட்டிமார் சொன்ன கதைகளையாவது இன்றே எழுதி வையுங்கள் என்று என் மாணவர்களிடம் கேட்டு வருகிறேன், நேயர்களிடமும் கேட்கிறேன்.

கொடைக்கானல் நிலையம் இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. பொதுமக்களுக்கு ஒரு காட்சிச்சாலையும் உண்டு. பழனிக்கு நேர்த்தி வைத்துப் போகும் நம்மவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அங்கிருந்தே மலைப்பாதை ஏறுகிறது. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.