பூனைக்கும் வேண்டும் குடும்பக் கட்டுப்பாடு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியது)



ஆடு, மாடு, கோழி பற்றிப் பேசத்தான் வழக்கமா என்னைக் கூப்பிடுவீங்க. இந்தத் தடவை தெருப் பூனையைப் பற்றிப் பேசணும்னு சொன்னீங்க. வந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிஞ்சது. குழுக் கடனில் நாட்டுக்கோழி வளர்க்கிற ஒரு சகோதரிக்கு, பொரிச்ச 12 குஞ்சில் 9 குஞ்சு ஒரே மாசத்தில் போயிடுச்சு. கடன் தவணை மட்டும் நிக்குது. அதே பூனைகளுக்கு இன்னொரு சகோதரி தினமும் சோறு வைக்கிறாங்க. ரெண்டு பேரும் ஒரே குழு. இப்போ முகம் பார்த்துப் பேசறதில்லை. நடுவில் சிலர், 'கருவாட்டில் எலி மருந்து கலந்து வைச்சா ஒரே ராத்திரியில் முடிஞ்சிடும், தீர்மானமாவே எழுதிடலாம்' என்கிறாங்க.

தயவுசெய்து அப்படி எழுதாதீங்க. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி விஷம் வைப்பது குற்றம். பசியில் சாகட்டும்னு சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுவதும் அதே சட்டப்படி குற்றம்தான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விஷம் வைச்ச கருவாட்டைப் பூனைதான் தின்னும்னு யார் சொன்னது? கோழி கொத்தும், நாய் கவ்வும், தவழுற குழந்தை வாயில் வைக்கும். இத்தனைக்குப் பிறகும் பூனை குறையாது. சாப்பாடும் ஒதுங்க இடமும் இருக்கிற தெருவில் நாலு பூனை செத்தா, பக்கத்துத் தெருவில் இருந்து வேற பூனை வந்து சேரும். அது வர்ற வரைக்கும் எலிக்குக் கொண்டாட்டம். நெல் மூட்டை வைச்சிருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலிக்காய்ச்சல் வேற இருக்கு.

பூனை எப்படிப் பெருகுதுன்னு பாருங்க. சினைக்காலம் ரெண்டு மாசம்தான். ஒரு ஈத்துக்கு மூணு, நாலு குட்டி. வருஷத்துக்கு ரெண்டு ஈத்து சாதாரணம். பால் கொடுத்துக்கிட்டு இருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். மாசி மாசம் பிறந்த பெட்டைக் குட்டி ஆவணிக்குள் சினை பிடிச்சு, தீபாவளி சமயத்தில் தானே தாயாகி நிக்கும். பாவம், அதில் நிறைய குட்டி பிழைக்கிறதில்லை. நாய் கடிச்சும் வண்டியில் அடிபட்டும் சாகுது. சோறு வைக்கிற சகோதரி இதையும் யோசிக்கணும். வயிறு நிறைஞ்ச பூனை நல்லா ஈனும். சோறு மட்டும் வைச்சுட்டு மத்ததை விட்டுட்டா, சாகிறதுக்குன்னே குட்டி பிறக்க வைக்கிற மாதிரி ஆயிடும்.

அதனால் என் கருத்து இதுதான்: யார் சோறு வைக்கிறாங்களோ, அவங்கதான் பூனையைப் பிடிக்கவும் முன்னால் வரணும். அவங்க கையில்தான் அது நெருங்கி வரும். குஞ்சு இழந்த சகோதரியும், சோறு வைக்கிற சகோதரியும் இந்த வேலைக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் தேவை.

முதலில் தெருவில் எத்தனை பூனை, எத்தனை பெட்டைன்னு கணக்கு எடுங்க. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பத்து நாள் சோறு வையுங்க. அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துடுங்க. கண்ட இடத்தில் கிடக்கிற மீன் கழிவு, கோழிக் குடலை எல்லாம் குழியில் புதைச்சிடுங்க. அப்போதான் அந்த ஒரு இடத்துக்குப் பூனை எல்லாம் வரும். அடுத்து, வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒரு கம்பிவலைக் கூண்டு செய்துக்கலாம். எலிக்கூண்டு பத்தாது. கதவைத் திறந்தபடி கட்டி வைச்சு, சில நாள் உள்ளேயே சோறு வைச்சுப் பழக்குங்க. கதவு விழுந்ததும் துணியைப் போட்டு மூடினா பூனை அடங்கிடும். வெறுங்கையால் பிடிக்கவே கூடாது.

எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் பூனைக்கு ஆபரேஷன் செய்ய வசதி இருக்காது. உங்க பகுதி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, எங்கே, எந்தத் தேதியில், எவ்வளவு செலவுன்னு தெரிஞ்சுக்கோங்க. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருக்கிறவங்க அங்கே உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்கலாம். செலவுக்குக் குழுச் சேமிப்பில் கை வைக்க வேண்டாம். அது வேற கணக்கு. தெருவில் வீட்டுக்கு இவ்வளவுன்னு தனியா வசூல் பண்ணுங்க. பணம் குறைச்சல்னா பெட்டைக்கு முதலில் செய்யுங்க. கடுவனுக்குச் செய்தா ராத்திரிச் சண்டையும் சுவரில் பீய்ச்சுற நாத்தமும் குறையும். ஆனா ஒரு கடுவனை விட்டாலும் எல்லாப் பெட்டையும் சினையாகும். முதல் நாள் ராத்திரியில் இருந்து சோறு வைக்கக் கூடாது. மடியில் பால் இருந்தா குட்டி எங்கேன்னு தேடிப் பாருங்க. தாயைப் பிடிச்சுட்டா சின்னக் குட்டி பட்டினியில் போயிடும். குட்டி தானே தின்ன ஆரம்பிக்கட்டும், அப்புறம் செய்யலாம். மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியைக் கொஞ்சம் வெட்டி விடச் சொல்லுங்க. ஆபரேஷன் ஆனதுன்னு தூரத்தில் இருந்தே தெரியும். பிறகு பழைய இடத்திலேயே விடணும்.

கோழிக்குஞ்சுக்கு வருவோம். ஆபரேஷன் செய்த பூனையும் குஞ்சைப் பிடிக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். முதல் ரெண்டு மாசம் குஞ்சைத் தனியா விடாதீங்க. பஞ்சாரத்து மேல் கல் வையுங்க, கூண்டுக்குச் சின்னக் கண் உள்ள கம்பிவலை அடிங்க. வலைக்கு ஆகிற செலவையும் கோழிக்கடன் மனுவிலேயே சேர்த்து எழுதலாம் என்பது என் யோசனை. ஊக்குநர்கள் கவனிக்கணும்.

கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டுக்கு ஒரு விஷயம். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்கிற கிருமி இருக்கலாம். கர்ப்ப காலத்தில் புதுசாத் தொத்தினா வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். ஆட்டுக்கும் குட்டி வீசச் செய்யும். மலம் விழுந்து ஒரு நாளுக்கு மேல் ஆனாத்தான் அது தொத்தும். அதனால் அன்னன்னைக்கே வேற யாராவது அள்ளிப் புதைக்கணும். கீரையை நல்லா அலசுங்க, மண்வேலை செய்தா சோப்பு போட்டுக் கை கழுவுங்க, ஆட்டுத் தீவனத்தை மூடி வையுங்க. இதுக்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

பூனை கடிச்சாலோ பிராண்டினாலோ அலட்சியம் கூடாது. நாய்க்கு மட்டும்தான் வெறிநோய்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. ஓடுற தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீங்க. அன்னைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க. ஊசி இலவசம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவங்களும் தாராளமாப் போட்டுக்கலாம். சொன்ன தவணை அத்தனையும் போட்டாகணும்.

கடைசியா ஒண்ணு. ஆபரேஷன் முடிஞ்ச பூனை சோர்ந்து படுத்திருக்கேன்னு வீட்டில் இருக்கிற பாரசிட்டமால் மாத்திரையைப் பொடி செய்து கொடுத்திடாதீங்க. அரை மாத்திரையே பூனையைக் கொன்னுடும். பசும்பாலும் வேண்டாம், நிறைய பூனைக்கு வயிற்றுப்போக்கு ஆகும். ஒரு நாள் கூண்டிலேயே காத்துப்படற நிழலில் வைச்சு, தண்ணியும் கொஞ்சம் மீன் சோறும் கொடுங்க. தையல் இடம் வீங்கினாலோ ரத்தம் கசிஞ்சாலோ ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே காட்டுங்க.