வீராணம் கரையில் ஒரு பகல்



விடுமுறை என்றதும் மலைக்கும் கடலுக்கும் கிளம்பிவிடுகிறோம். ஏரிக்கரையில் ஒரு பகலைக் கழிக்கலாம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. கார்த்திகை மாதத்தில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மாமாவோடு வீராணம் ஏரிக்கரையில் விடிகாலையிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்காரர்கள் குடிக்கிறார்கள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை இது. 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் உண்டான ஏரி. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயர்தான் மக்கள் வாயில் வீராணம் ஆனது. கீழணையிலிருந்து கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக வந்து சேர்கிறது. பெரிய கரை கிழக்குப் பக்கம் இருப்பதால், காலையில் வெயில் நம் முதுகில் விழும். எதிரே தண்ணீரும் பறவைகளும் துலக்கமாகத் தெரியும். பறவை பார்க்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

மீன் குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தூண்டில் போட்டோம். மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, கொட்டாங்குச்சி நிறைய மண்புழு. அவ்வளவுதான் எங்கள் சாமான். ஜிலேபி மீன் கொத்திக் கொத்திப் பார்க்கும், தக்கை துடிக்கும். கெளுத்தியோ ஒரேயடியாக உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். கொக்கியிலிருந்து அதைக் கழற்றும்போது முள் குத்தினால் கை கடுத்துப்போகும்.

தக்கையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அதைச் சுற்றி நடப்பதெல்லாம் தானாகத் தெரிய ஆரம்பிக்கிறது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் நின்று சிறகடித்தது. கல் விழுந்ததுபோல் தண்ணீரில் விழுந்து, வாயில் வெள்ளியாக எதையோ கவ்விக்கொண்டு எழுந்தது. பட்டமரத்தில் நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்து வைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வாத்தின் இறகைப்போல் அதன் இறகு தண்ணீரை உதறிவிடாது, நனைந்து ஊறிவிடும். முங்கி மீன் பிடிக்க அதுவே தோது. அந்த ஈரத்துக்குத்தான் இப்படி வெயில் காய்வது. தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பறவை பார்த்திருந்தால் அரைமணி நேரத்தில் எனக்குச் சலித்திருக்கும்.

பத்து மணி இருக்கும். மாமா என் கையைப் பிடித்தார். “மாப்ள, தூண்டில மேல எடு.”

கரையோரக் கோரைப்புல் நடுவில், தண்ணீரின் மேல்மட்டத்தில், குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு சிவப்பு. உற்றுப் பார்த்தால் அது அசைந்தது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள்! ஒவ்வொன்றும் அரிசி நீளம்தான். குபுகுபுவென்று மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு இறங்கின. அவற்றுக்கு அடியில் கரிய நிழலாகப் பெரிய விரால் ஒன்று காவல் நின்றது. இந்தச் சமயத்தில் குஞ்சுகளை நெருங்கும் எதையும் அது பாய்ந்து கடிக்கும். அதைப் பிடிப்பது சுலபம் என்பதும் அதனால்தான். பிடித்துவிட்டால் குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் தின்று தீர்த்துவிடும். “குஞ்சோட நிக்கிறத எங்கப்பா தொடமாட்டாரு,” என்றார் மாமா. நாங்கள் கொட்டாங்குச்சியைத் தூக்கிக்கொண்டு நூறடி தள்ளிப் போய் உட்கார்ந்தோம். அவருடைய அப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

மத்தியானம் புளிச்சோறு. மரநிழலில் ஒரு தூக்கம். மாலைக்குள் நான்கு ஜிலேபி, ஒரு கெளுத்தி. வெயில் இப்போது முகத்துக்கு நேராக வந்திருந்தது. எதிர்க்கரை மங்கி, தண்ணீர் முழுக்கச் செம்பு நிறமானது. கிளம்பும் முன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய இடத்துக்கு இறங்கிப் பார்த்தார். கோரைக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, அந்தச் சிவப்பு அசைந்துகொண்டிருந்தது.