நட்ட பிறகு யார் போய்ப் பார்த்தார்கள்?

(நூற்றாண்டு நிறைவு விழாவில் பழைய மாணவி ஒருவர் நிகழ்த்திய உரை)

 

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு, தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளல். இந்தத் தலைப்பில் பேச வருபவர்கள் வழக்கமாக எடிசனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் தூரத்து ஆள். சிலாபத்திலிருந்து முந்தல், புத்தளம், கற்பிட்டி என்று நம் கரையோரம் முழுக்க ஒரு பெரிய தோல்வி நிலத்தில் எழுதப்பட்டுக் கிடக்கிறது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். 1980களில் இந்தக் கரைக்கு இறால் பண்ணை வந்தது. முதலில் கம்பனிகள் வந்தன. பிறகு ஆசிரியர், கடைக்காரர், கமக்காரர் எல்லோரும் குளம் வெட்டினார்கள். புலி இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. களப்போரத்துக் கண்டல்கள் வெட்டப்பட்டன. உவர் நிலங்கள் சதுரம் சதுரமாக வரம்பு கட்டிய குளங்களாயின. புத்தளம் களப்பைச் சுற்றி 1992க்கும் 2012க்கும் இடையில் கண்டல் காட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதென்று செய்மதிப் படங்களை வைத்துச் செய்த ஆய்வொன்று சொல்கிறது.

1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. இது ஒரு வைரஸ். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. இறாலை ஒரு வாரம் பத்து நாளில் குளத்தோடு முடித்துவிடும். மூன்று நான்கு மாதம் தீனி போட்டு வளர்த்தது கண் முன்னே மிதக்கும். போட்ட காசு கடன் காசாக இருந்தால் அந்த வீட்டின் நிலைமையை நான் சொல்லத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு அது கதையல்ல.

ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். பண்ணைகளில் பெரும்பாலானவை ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் அதனோடு சேர்ந்த களப்புகளிலிருந்தும் தண்ணீர் எடுத்தன. கழிவு நீரையும் அங்கேயே விட்டன. ஒருவருடைய குளத்தில் நோய் கண்டால் அவர் என்ன செய்வார்? வெளியே சொன்னால் வியாபாரி விலையைக் குறைப்பார், கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்துவிடுவார். ஆகவே சத்தமில்லாமல் இரவோடு இரவாகப் பிடித்து விற்றுவிட்டு, தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடுவதுதான் அவருக்குச் சுலபம். மறுநாள் பக்கத்துப் பண்ணைக்காரர் அதே தண்ணீரை இறைப்பார். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவராக இருக்கலாம். நல்ல குஞ்சு வாங்கியிருக்கலாம், அளவாகத் தீனி போட்டிருக்கலாம். ஆனாலும் அவருடைய குளமும் போகும்.

"உன் தோல்விக்கு நீயே காரணம், அதிலிருந்து படி" என்று மேடையில் சொல்வது சுலபம். அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. எந்தத் தவறு தன்னுடையது, எது கால்வாயில் வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இரண்டில் ஒன்றைச் செய்வார்: எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒடிந்து போவார், அல்லது எல்லாவற்றையும் அயலவர் மேல் போட்டுவிட்டு அடுத்த போகத்திலும் அதையே செய்வார்.

நம் கரையில் ஒரு வழி பிறந்தது, தனி ஆளின் ஞானோதயத்தால் அல்ல. பண்ணைக்காரர் சங்கங்களும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் சேர்ந்து பிரதேசத்தை வலயங்களாகவும் உபவலயங்களாகவும் பிரித்தன. எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடுவது என்று ஒரு வளர்ப்பு நாட்காட்டி போட்டார்கள். குஞ்சுகளைப் பரிசோதித்த பிறகே விட வேண்டும். நோய் கண்டால் அறிவிக்க வேண்டும், மற்றவர் நீர் எடுப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். இதனால் நோய் ஒழிந்துவிட்டதா? இல்லை, திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் ஒருவரின் நஷ்டம் ஊரின் நஷ்டமாக மாறுவதற்கு இடையில் ஒரு தடை வந்தது. மறைத்தவனுக்கு லாபம் என்றிருந்த இடத்தில், சொன்னவனுக்கும் இடமுண்டு என்றாயிற்று. எனக்கு அது பெரிய காரியமாகத் தெரிகிறது.

இனி இரண்டாவது தோல்வி. இது நல்லெண்ணத்தால் வந்தது என்பதால் இன்னும் சுவையானது.

2004 சுனாமிக்குப் பிறகு, கண்டல் காடு கரையைக் காக்கும் என்று எல்லோரும் கண்டல் நட்டார்கள். அரச திணைக்களங்கள், தொண்டு நிறுவனங்கள், பாடசாலைப் பிள்ளைகள், தொப்பி போட்ட விருந்தினர்கள் என்று எல்லோரும். ருகுணுப் பல்கலைக்கழகத்தின் கொடிகாரவும் சக ஆய்வாளர்களும் பிறகு ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நாடு முழுக்க 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நடப்பட்டிருந்தது. தேறியது 200 முதல் 220 ஹெக்டேர். ஒன்பது இடங்களில் ஒரு கன்று கூட உயிரோடு இல்லை.

காரணங்கள் எளிமையானவை. கண்டலின் முளை ஈட்டி போல நீளமானது; சேற்றில் குத்துவது சுலபம், படம் எடுக்கவும் அழகு. ஆனால் நட்ட இடம் பல தடவை தண்ணீர் வற்றாத தாழ்ந்த சேறு. எந்த மரமானாலும் வேர் மூச்சு விட வேண்டும் அல்லவா? சில இடங்களில் மாடு மிதித்தது, மேய்ந்தது; சில இடங்களில் பாசி மூடியது. நட்டவர்கள் அடுத்த வாரமே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பளை, நீர்கொழும்பு. முதலிரண்டும் நம் மாவட்டம், கொஞ்சம் பெருமைப்படலாம்! நட்ட பின் எவ்வளவு பராமரித்தார்கள் என்பதற்கும் எவ்வளவு பிழைத்தது என்பதற்கும் தெளிவான தொடர்பு இருந்தது என்று அந்த ஆய்வு காட்டியது.

இப்போது ஆனவிழுந்தாவை சரணாலயத்தில் கைவிடப்பட்ட இறால் குளங்களில் வேறு விதமாக வேலை நடக்கிறது. முதலில் தண்ணீர் வந்துபோகும் வழியைச் சரிசெய்கிறார்கள். வற்றும் பெருக்கும் ஒழுங்காக வந்தால் விதைகள் தாமாகவே மிதந்து வந்து தமக்குப் பிடித்த உயரத்தில் ஊன்றிக்கொள்ளும். 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. நட்டவர்களில் பெரும்பாலானோர் தோற்ற நாட்டுக்குத்தான் அந்த மரியாதை. தோற்றதை எண்ணி, அளந்து, அச்சில் போட ஆட்கள் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதை ஏன் நம் கல்லூரி மண்டபத்தில் சொல்கிறேன்? நம் மலரைப் புரட்டிப் பாருங்கள். டாக்டர்மார், பொறியியலாளர், அதிபர்மார், சட்டத்தரணிகள். மெத்த மகிழ்ச்சி. ஆனால் இந்த நூறு வருடத்தில் சாதாரண தரத்தில் கணிதம் தவறி வீட்டோடு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு நம்மிடம் இல்லை. நட்ட கன்றுகளை எண்ணிவிட்டோம், பிழைத்தவற்றைப் படம் பிடித்துவிட்டோம், மீதியை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பெறுபேறு வந்த நாளில் அந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொள்கிறாள். பண்ணைக்காரர் நோயை மறைத்த அதே காரணம்தான். உம்மா அல்லது அம்மா, "அவளுக்குச் சுகமில்லை" என்று அயலுக்குச் சொல்லுவார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடி தோற்றலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். விண்ணப்ப முடிவுத் திகதி எப்போது, படிவத்தில் யார் கையொப்பமிடுவது, அதுவரை யாரிடம் படிப்பது என்பதுதான் தெரியாது. அவளும் அவசியம் தன் பிழையால் தவறியவள் அல்ல. இரண்டு வருடம் கணித ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருந்த பிள்ளை, பக்கத்துக் குளத்துத் தண்ணீரை வாங்கிய பிள்ளை. நம் சங்கப் புலமைப்பரிசிலோ சித்தியடைந்தவர்களுக்கு மட்டும்.

நான் கேட்பது சிறியது. அடுத்த வருடம் பெறுபேறு வந்ததும், தவறிய பிள்ளைகளின் பெயர்களை அதிபரிடம் கேட்டு வாங்குவோம். அதை வெளியே விடாமல் வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்கு ஒரு பழைய மாணவி. போவது முதல் வாரத்தில் அல்ல, அப்போது எல்லோரும் ஆறுதல் சொல்ல வருவார்கள். மூன்றாம் மாதம் போங்கள், பிறகு ஆறாம் மாதம் போங்கள். புத்திமதி வேண்டாம், விண்ணப்பப் படிவத்தையும் கடந்தகால வினாத்தாள்களையும் கொண்டு போங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் கணிதம் சொல்லிக் கொடுக்கலாம். நேர வித்தியாசத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நள்ளிரவில் எழுப்பிவிடாதீர்கள்.

வெளியே தேநீர் மேசைக்குப் பக்கத்தில் சங்கச் செயலாளர் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். அதில் இப்போதைக்கு நான்கு பெயர்கள் இருக்கின்றன.