விருந்தினர் பேச்சும் வீட்டுக்காரர் பொறுப்பும்

(சுங்கைப்பட்டாணியில் கூடிய தோட்டப்புறத் தொண்டு மன்றத்தார் முன்னிலையில் நாம் ஆற்றிய உரை)

 

மாநாடு என்றால் வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை அழைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வழக்கம் நல்லதுதான். ஆனால் எதற்காக அழைக்கிறோம், அவர் பேசிவிட்டுப் போனபின் நாம் என்ன செய்கிறோம் என்பதை நின்று நினைத்துப் பார்ப்பவர் சிலரே. அதைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் விடியுமுன் எழுந்து மரம் சீவுகிறவர்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை இங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள். பஸ் கூலி உங்கள் கைக்காசு. மாநாட்டுச் சாப்பாட்டுக்குத் தந்த நன்கொடையும் உங்கள் உழைப்பே. அப்படிக் கொடுத்த நாளுக்குப் பதிலாகக் கைதட்டலும் ஒரு பொட்டலம் பலகாரமும் மட்டும் கொண்டு வீடு திரும்பினால், அது நட்டமான நாள் அல்லவா? கிராணி வேலை பார்க்கும் நமக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கம் உண்டு. செக்ரோலில் பெயர் விழுந்தால் அதற்கு நேராக வேலையும் இருக்கவேண்டும். மாநாட்டுக்கும் அதே கணக்குத்தான்.

தோழர்களே! பேச்சு என்பது வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு பேச்சு ஒரு சங்கத்தின் பாதையையே மாற்றிய கதைகள் உண்டு. உலகில் பெரிய தொண்டு மன்றங்களில் ஒன்று லயன்ஸ் சங்கம். அமெரிக்காவின் சிகாகோ நகரில் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் 1917ஆம் ஆண்டு தோன்றியது. முதலில் அது வியாபாரிகள் கூடித் தங்களால் இயன்ற நற்காரியங்களைச் செய்த சங்கம்தான். 1925ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்தில் நடந்த அதன் மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் அம்மையாரை அழைத்தார்கள். குழந்தைப் பருவத்திலேயே நோய்வாய்ப்பட்டுக் கண் பார்வையையும் காது கேட்பதையும் இழந்தவர் அவர். அரும்பாடுபட்டுப் பேசக் கற்றுக்கொண்டவர். பழக்கமில்லாதவர் காதுக்கு அவர் குரல் தெளிவாக விளங்காது. அப்படிப்பட்ட ஒருவரைத்தான் மேடையேற்றினார்கள்.

அவர் என்ன செய்தார்? வந்தவர்களைப் புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. பார்வையற்றவர்களுக்காக நீங்கள் போராட முன்வருவீர்களா என்று நேருக்கு நேராகக் கேட்டார். கேட்டது ஒரே ஒரு காரியம். சங்கத்தாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஐந்தாண்டு கழித்து, 1930இல், பியோரியா என்ற ஊரில் லயன்ஸ் சங்கத் தலைவர் ஒருவர், கறுப்புக் கைத்தடியுடன் சாலையைக் கடக்கத் தடுமாறிய பார்வையற்ற மனிதரைக் கண்டார். கறுப்புத்தடி வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் படவில்லை. அந்தத் தடிக்கு வெள்ளைச் சாயம் பூசினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. இன்று உலகெங்கும் பார்வையற்றோர் கையில் காணும் வெள்ளைத்தடி பரவ அந்தச் சங்கத்தின் முயற்சி பெருந்துணையாயிற்று. கேட்டவர் ஒருவர்; செய்தவர்கள் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். சரி, நம் நாட்டுக்கே வருவோம். 1929 டிசம்பரில் ஈ.வெ. இராமசாமிப் பெரியார் கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார். ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டைத் திறந்து வைத்துப் பேசினார். அவர் வருகையை எதிர்த்தவர்களும் உண்டு, வரவேற்றவர்களும் உண்டு. அவருடைய கொள்கை எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்கவேண்டும் என்று நாம் இங்கே வாதாடவில்லை. நாம் கவனிக்கவேண்டியது வேறு. அவர் சில வாரங்கள் சுற்றிப் பேசிவிட்டுத் தாயகம் திரும்பினார். கப்பல் போய்விட்டது. இங்கே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. அதில் முன்னின்று உழைத்த கோ. சாரங்கபாணியார் 1935இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கினார். பின்னர் 1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெறவேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்று கேட்டார்கள். தோட்டத்துத் தொழிலாளியும் கொடுத்தான். பல்கலைக்கழகத்தின் வாசலைக் கண்ணால் காணாதவன் அங்கே தமிழ் நூல்கள் இருக்கவேண்டும் என்று தன் கூலியில் ஒரு வெள்ளியை எடுத்து வைத்தான்.

தாய்மார்களே, தோழர்களே! பேச்சாளர் எப்போதும் கடல் கடந்துதான் வரவேண்டுமா? நம் கெடாவின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. யுத்தம் முடிந்த பிறகு, 1946, 1947ஆம் ஆண்டுகளில், இங்கே பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை கிளம்பிற்று. ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி அதன் முன்னணியில் நின்றார். கள்ளுக்கடை நம் குடும்பங்களைக் குடித்துக்கொண்டிருந்த காலம் அது. கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போனவன் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பினான். அந்தக் கேட்டை ஒழிக்க இளைஞர்களைத் திரட்டினார்கள். மேடைப் பேச்சோடு நில்லாமல் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். 1947இல் போலீசாருடன் நேர்ந்த மோதலில் தொழிலாளர் உயிரும் போயிற்று. சாமியும் சிறை சென்றார். அவர்களுடைய முறைகளைப் பற்றி இன்று பலர் பலவிதமாகப் பேசலாம். ஆனால் நம் மக்களைத் தட்டி எழுப்பிய குரல் தோட்டத்துக்கு உள்ளிருந்தே எழுந்தது என்பதை யாரும் மறுக்கமுடியாது.

இன்னொரு செய்தியும் கெடாவுக்கே உரியது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டம் துண்டானால் நம் வாழ்வும் துண்டாகும். வேலை போகும், வீடு போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஆட்டம் காணும். அந்தச் சமயத்தில் அமைச்சராயிருந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். தைரியமாயிருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் காரில் ஏறவில்லை. நாமே சேர்ந்து தோட்டம் வாங்குவோம், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு எடுங்கள் என்று கேட்டார். பத்து வெள்ளி அன்று சிறு தொகை அல்ல. சில நாள் கூலி. ஆனாலும் மரம் சீவிய கைகள் அதைக் கொடுத்தன. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அது வாங்கிய முதல் தோட்டம் எது தெரியுமா? 1961ஆம் ஆண்டு, நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம்! ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர். நேற்றுவரை அடுத்தவன் மரத்தைச் சீவியவன், தானும் ஒரு பங்குக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் நாள் வந்தது.

இந்தக் கதைகளை அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மக்கள் மனத்தில் நின்ற பேச்சாளர்கள் எதையாவது கேட்டார்கள். பார்வையற்றோருக்கு உதவுங்கள் என்றார் ஒருவர். ஒரு வெள்ளி கொடுங்கள் என்றார் ஒருவர். பத்து வெள்ளி கட்டுங்கள் என்றார் ஒருவர். கேட்டதும் மூட்டை போன்ற பெருங்காரியம் அல்ல. சாதாரண மனிதன் தன் கையால் செய்யக்கூடிய காரியம். பேச்சு முடிந்த மறுநாளே அதைத் தொடங்குவதற்கு ஒரு புத்தகமும் ஒரு பேனாவும் ஊரில் தயாராயிருந்தன. கேட்பவரும் இருந்து, செய்பவரும் இருந்தால்தான் பேச்சு பலிக்கும். எவ்வளவு நல்ல உளியானாலும் பால் வழிகிற இடத்தில் மங்கு வைக்காவிட்டால் பால் மண்ணுக்குத்தானே போகும்?

ஆகவே, நம் மன்றங்கள் இனி இப்படிச் செய்யலாம் என்பது நமது யோசனை.

முதலாவது, பேச்சாளரைத் தேடுமுன் காரியத்தைத் தேடுங்கள். செயலவை கூடி, இந்த ஆண்டு நம் தோட்டத்துக்கு அவசரமான ஒரு காரியம் எது என்று முடிவு செய்யவேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறோம். ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியது. அதில் நம் பணம் இருக்கிறது. ஆனால் தமக்குப் பின் அந்தப் பணம் யாருக்குச் சேரவேண்டும் என்று பெயர் எழுதி வைக்காதவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் போய்விட்டவர் குடும்பம் தாளுக்கும் சான்றுக்கும் அலைந்து திரிவதைக் கிராணி மேசையிலிருந்து நாம் கண்டிருக்கிறோம். தாலியிழந்த தாய் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீசு ஆபீசாக ஏறி இறங்குவதைக் கண்டால் கல்லும் கரையும். இதை விளக்கச் சேமநிதி அலுவலகத்து அதிகாரி ஒருவரை அழைக்கலாம். உடல் நலம் பற்றியென்றால் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மருத்துவம் கற்பிப்பவர்களை அழைக்கலாம். காரியம் தெரிந்தால் ஆள் தெரியும்.

இரண்டாவது, அழைப்புக் கடிதத்திலேயே விவரத்தை எழுதுங்கள். எங்கள் தோட்டத்தில் இத்தனை குடும்பம், இத்தனை பேர் இன்னும் பெயர் எழுதவில்லை, எங்களுக்கு இது விளங்கவேண்டும் என்று எழுதினால், வருகிறவர் தயார் செய்துகொண்டு வருவார். ஒன்றும் எழுதாமல் 'வருகை தந்து சிறப்பிக்க' என்று மட்டும் எழுதினால், அவரும் சிறப்பித்துவிட்டுப் போவார்.

மூன்றாவது, மாலைக்கும் பொன்னாடைக்கும் கால் மணி போதும். வரவேற்புரைக்கு முக்கால் மணி, வாழ்த்துரைக்கு ஒன்றரை மணி என்று போய், வந்த விருந்தினர் பேச எழும்போது சபையில் பாதிப்பேர் பஸ்ஸுக்கு ஓடுவதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்! அவர் பேசியபின் கேள்வி கேட்க நேரம் ஒதுக்குங்கள். முதல் கேள்வியைத் தாய்மார்கள் கேட்கட்டும். வீட்டுக் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

நான்காவது, இதுதான் முக்கியம். நன்றியுரைக்கு முன்பே புத்தகத்தைத் திறக்கவேண்டும். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் செய்வது என்று பெயர் எழுதிய பிறகே தேநீர். மூன்று மாதம் கழித்து, நடந்ததை அந்தப் பேச்சாளருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். நம் பத்திரிகைக்கும் எழுதுங்கள். 'இன்னார் வந்தார், பேசினார்' என்ற செய்தியைவிட, 'இத்தனை குடும்பம் பெயர் எழுதி முடித்தது' என்ற செய்தியை அச்சில் பார்ப்பதில் நமக்கு மகிழ்ச்சி அதிகம்.

ஐந்தாவது, ஒவ்வொரு மாநாட்டிலும் ஒரு பேச்சாளர் தோட்டத்து ஆளாயிருக்கட்டும். முப்பது வருடம் நிரை பிடித்து மரம் சீவி, பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா? மேடையில் நிற்கக் கூச்சப்படுவார். நாலு வார்த்தைதான் பேசுவார். அந்த நாலு வார்த்தை நம் பெண்பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

தோழர்களே! காலம் மாறிவிட்டது. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழும்பிவிட்டன. நம் இளைஞர்கள் கூலிமுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் பல திசையாகச் சிதறுகிறார்கள். முன்பு பிரட்டுக் களத்தில் தினமும் ஒருவரையொருவர் பார்த்தோம். இன்று இப்படி மாநாட்டில்தான் பார்க்கிறோம். அதனால்தான் இந்த ஒரு நாள் இவ்வளவு விலை உயர்ந்ததாகிறது. இதை வீணாக்க நமக்கு உரிமையில்லை.

வருகிற பேச்சாளர் விளக்கேற்றி வைப்பார். அதற்கு எண்ணெய் ஊற்றுவது நம் வேலை. இன்று இந்த மண்டபத்தை விட்டுப் போகுமுன் ஒவ்வொரு மன்றமும் ஒரு காரியத்தையும், அதற்குப் பொறுப்பேற்பவர் பெயரையும் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். புத்தகம் மேசையில் இருக்கிறது.